இத்தா முடியும் மட்டும் நின்ற சுவர்

தூணில்லாமல் வானத்தை உயர்த்தி வைத்தவனைப் புகழ்ந்துகொண்டு தொடங்குகிறேன்.

மேசன் வேலைக்கும் ஓடாவி என்கிற தச்சு வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, எனக்குப் படிப்புக் குறைவு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுச் சாந்தகப்பையைப் பிடித்தவன். இப்போது முழங்கால் மடங்குவதில்லை, கதிரையில் இருந்துதான் தொழுகிறேன், வேலையையும் விட்டுவிட்டேன். கலவை எப்படிப் போடுவது, டைல்ஸ் எப்படிப் பதிப்பது என்று நான் சொல்லி நீங்கள் கேட்கத் தேவையில்லை. போனில் பார்த்து என்னைவிடத் துப்புரவாகச் செய்கிறீர்கள். போனில் பார்க்க ஏலாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன்.

புது வீடு கட்டுகிறவன் வெறும் வளவில் வேலை செய்கிறான். பழைய வீட்டின் உள்பக்கத்தைத் திருத்துகிறவன் குடியிருக்கிற ஆட்களுக்கு நடுவில் வேலை செய்கிறான். நீங்கள் ஒரு சுவரை இடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் பெண் கேட்டு வந்திருப்பார்கள், பிள்ளை பிறந்திருக்கும், ஒருவர் மௌத்தாகியும் இருப்பார். உங்கள் வேலை முடியட்டும் என்று அல்லாஹ்வின் கட்டளை காத்துக்கொண்டிருக்காது. அப்படி ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

கல்முனையில் மெயின் றோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு இருந்தது. நெல் வியாபாரம் செய்து ஓய்ந்த ஒரு ஹாஜியாரும் மனைவியும் மகளும் குடியிருந்தார்கள். வீடு ஹாஜியாருடையதல்ல. நம்முடைய வழமை உங்களுக்குத் தெரியும், வீடு பெண்ணுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டை ஹாஜியாரின் மனைவிக்கு அவருடைய தாயார் சீதனமாகக் கொடுத்திருந்தார். ஹாஜியாரின் மனைவி என்னைவிட வயதில் மூத்தவர், அதனால் நான் அவரை ராத்தா என்றே சொல்வேன். ராத்தாவின் ஆண் மக்கள் இரண்டு பேரும் வழமைப்படி மனைவிமார் வீட்டோடு போய்விட்டார்கள். மூத்தவர் நஸீர் சம்மாந்துறையில் இருந்தார், இளையவர் வெளிநாட்டில். கடைசி மகள் ஜெசீலாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்து, அவர் வந்து இறங்குவதற்கு முன்னர் உள்வீட்டைப் புதுக்கிக் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பழைய காலத்து அமைப்பு. முன்னால் ஒரு ஹோல். அதைத் தாண்டினால் குறுக்கே ஒரு சுவர், சுவரில் ஒரே ஒரு கதவு. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு அறைகள், பிறகு பின் விறாந்தையும் குசினியும் கிணறும். ஆம்பிளைகள் முன்னுக்கு, பெண்கள் பின்னுக்கு என்று கட்டியிருந்தார்கள். அந்தக் குறுக்குச் சுவரைத்தான் ஹாஜியார் முதலில் கை காட்டினார்.

"இத எடுங்க பாஸ். நான் இந்த இருட்டுக்குள்ளேயே கிழவனாப் போனன். வாற மருமகனாவது வெளிச்சத்துல இருக்கட்டும்."

சுவரை எடுத்தோம். முன் ஹோலின் ஓட்டைக் கழற்றினோம். பழைய நிலத்தைத் தோண்டி மண்ணை வெளியே போட்டோம். குசினியும் உடைத்தாயிற்று. உள் அறைகள் இரண்டையும் கடைசியில் பார்ப்போம் என்று விட்டிருந்தோம், வீட்டார் அதற்குள்தான் படுத்து எழும்பினார்கள்.

ஒரு காலை நாங்கள் சாமானோடு போகும்போது ஒழுங்கையில் கதிரைகள் அடுக்கியிருந்தன. நம் ஊரில் விடியப்புறம் ஒழுங்கையில் கதிரை கண்டால் கேட்கத் தேவையில்லை. ஹாஜியார் சுபஹ் தொழுது சலாம் கொடுத்தவர், தொழுத பாயிலேயே சாய்ந்துவிட்டார்.

என்னோடு வேலை செய்தவர் யோகன் ஓடாவி, கல்முனை மெதடிஸ்த சபைக்காரர். அவரும் நானும் இரண்டு கூலியாட்களும் வாசலில் நின்று உள்ளே பார்த்தோம். மையித்தைக் கிடத்த அந்த வீட்டில் இடமில்லை. ஹோல் பள்ளமாகக் கிடந்தது. மூலையில் செங்கல் குவியல், மேலே வானம். சனம் வரத் தொடங்கிவிட்டது. நஸீர் நடுவில் நின்று எங்கே என்ன செய்வதென்று தெரியாமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடாவியார், பலகை," என்றேன்.

அவர் ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தார்.

கல்லை ஒதுக்கினோம், பள்ளத்தைத் தட்டிச் சமப்படுத்திப் பலகை போட்டோம், மேலே வெயில் மறைக்கப் படங்கு கட்டினோம். குளிப்பாட்டுகிற இடத்துக்கும் மறைப்புக் கட்டிக் கொடுத்தோம். அவ்வளவு கெதியாக நாங்கள் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. யாரும் யாருக்கும் இதைச் செய் என்று சொல்லவுமில்லை.

ளுஹர்த் தொழுகை முடிந்த கையோடு நஸீர் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"பாஸ், உம்மா இத்தா இருக்கணும். இந்த ஊட்டப் பாருங்க, ஊடா இது? உம்மாக்குத் தொய்வு இரிக்கி. தூசு பட்டா மூச்சு இழுக்கும். மாரியும் வரப்போகுது. நான் சம்மாந்துறைக்குக் கூட்டிட்டுப் போகப் போறன்."

"ராத்தா என்ன சொல்றா?"

"ஏலாதாம். என்ட பொஞ்சாதிட ஊட்டுல போய் இத்தா இருக்கிறதா எண்டு கேக்கிறா. மௌலவிக்கிட்டக் கேட்டன். ஊடு இருக்கத் தகுதியில்லாட்டி மாறலாம், தகுதியிருந்தா அவ இருந்த ஊட்டுலதான் இருக்கணும், அது எப்பிடி எண்டு வேலை செய்யிற பாஸக் கேளுங்க எண்டாரு." அவர் என் முகத்தைப் பார்க்காமல் கிணற்றுக் கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தகுதியில்ல எண்டு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும்."

பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த யோகன், என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர், மெதுவாகக் கேட்டார்.

"இத்தா எண்டா என்ன காக்கா?"

"புருஷன் மௌத்தானா பொம்புள நாலு மாசமும் பத்து நாளும் ஊட்டோட இருக்கிறது ஓடாவியார். வெளிய இறங்கிறல்ல. அந்நிய ஆம்புளைக்கு முன்னால வாறல்ல."

"அப்ப நாம?"

"நாமதான் அந்த அந்நிய ஆம்புள."

நஸீர் கெட்ட மகன் இல்லை. வாப்பாவைப் பறிகொடுத்த அன்றே உம்மாவின் மூச்சை நினைத்துப் பயந்த மகன். அவர் கேட்டது பொய்யும் இல்லை. வாசலில் நின்று பார்க்கிற எவனும் அந்த வீட்டில் குடியிருக்க ஏலாது என்றுதான் சொல்வான். எனக்கும் அது வசதி. ஆளில்லாத வீடென்றால் வேலை ஓடும். கோமாரி ஊரில் அடுத்த வேலை எனக்காகக் காத்துக்கிடந்தது. தகுதியில்லை என்ற சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

தம்பிமாரே, எல்லாருக்கும் வசதியான சொல் வாய்க்கு வரும்போதுதான் நாக்கைக் கொஞ்சம் கடித்துக்கொள்ள வேண்டும். நாம் சொல்லும் சொல்லை மௌலவியும் நம்புவார், மகனும் நம்புவார். அதை வைத்து ஒரு பெண் தன் வீட்டை விட்டு இறங்குவார். கல்லும் மண்ணும் தெரிந்தவன் என்று நம்மிடம் கேட்கிறார்கள், அந்தச் சொல் நம்மிடம் நம்பிக் கொடுத்த அமானத்து.

"அஸருக்கு முதல் சொல்றன் மகன்," என்றேன்.

மௌத்து வீட்டுக்கு வந்திருந்த என் மனைவியைப் பின்பக்கமாகக் கூப்பிட்டு, அறைகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். பெண்கள் ஓர் அறைக்குள் ஒதுங்கி மற்றதைத் திறந்துவிட்டார்கள், பிறகு அதுபோல மாறிக் கொடுத்தார்கள். யோகன் ஏணியில் ஏறிக் கூரையைத் தாங்கும் தீராந்தியை உளியின் பின்பக்கத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டு போனார். காதை வைத்துக் கேட்டார்.

"பாலை மரம் காக்கா. நம்ம ரெண்டு பேரயும் அடக்கினாப் பிறகும் இது நிக்கும்."

நான் சுவர்களைக் கையால் தடவிப் பார்த்தேன். ஓடு அசையாமல் கிடந்தது. பின் கதவு சரி, கிணற்றுக்குப் போகும் வழி சரி. குசினி இல்லை, ஆனால் பின் விறாந்தையில் அடுப்பு வைக்கலாம். பிழையாக இருந்தது ஒன்றுதான். நாங்கள் எடுத்த குறுக்குச் சுவரின் இடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அது வழியாகத் தூசும் வரும், ஆம்பிளைகளின் கண்ணும் வரும்.

வெளியே வந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

"ராத்தா ஏதாவது சொன்னாவா?"

"சொன்னா. உன்ட மனுசன் கண்ணால கண்டதச் சொல்லட்டும், எனக்காகவும் சொல்ல வேணாம், மகனுக்காகவும் சொல்ல வேணாம் எண்டா." மனைவி கொஞ்சம் நின்று சேர்த்துச் சொன்னாள். "அவரு கிடந்த பாய இன்னும் சுருட்டல்லங்க. அதுக்குப் பக்கத்துலதான் இரிக்கிறா."

மௌலவி ஒழுங்கையில் கதிரையில் இருந்தார், பக்கத்தில் நஸீர் நின்றார். நான் போய்ச் சொன்னேன்.

"உள் அறை ரெண்டும் நல்லாரிக்கி மௌலவி. விழாது, ஒழுகாது. முன்பக்கம்தான் திறந்து கிடக்கு. அத மூடித் தாறது என்ட பொறுப்பு. இண்டைக்குப் படங்கு கட்டுறன், நாளைக்குச் சுவர் வெக்கிறன்."

"தொய்வுக்காரி எண்டு மகன் சொல்றாரு."

"தூசு எழும்புற வேலை ஒண்டும் ஊட்டுக்குள்ள செய்ய மாட்டன். ஒழுங்கையில வெச்சுச் செய்யிறன்."

மௌலவி தலையசைத்தார். "அப்ப அவ இஞ்சதான் இருக்கணும்."

நஸீர் என்னைப் பார்த்தார். உள்ளே போய் மையித்தை வைத்த சந்தூக்கின் முன்காலைத் தோளில் ஏற்றினார்.

அடுத்த நாள் சுவர் வைத்தோம். அந்த வீட்டுக்குள் உடைப்பதற்கென்று போன நாங்கள் முதல் முதல் கட்டியது அதைத்தான். கீழ் இரண்டு வரிக்குச் சீமெந்து போட்டேன், அதற்கு மேலே களிமண் குழைத்தேன். நஸீர் வந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"களியாலயா பாஸ்? என்ட உம்மா என்ன குளவியா, களியில கூடு கட்டிக் குடுக்க?"

"இது தங்குற சுவர் இல்ல மகன். ஒரு நாளைக்கு இதக் கழட்டணும். சீமெந்தால வெச்சா கழட்டக்குள்ள பக்கத்துச் சுவரயும் பேத்துக்கொண்டு வரும். உங்கட வாப்பா கேட்ட ஹோல் அப்ப வராது."

அவர் நம்பவில்லை. என்றாலும் தடுக்கவுமில்லை. ஜெசீலா மட்டும் தன் கலியாணத்தை உம்மாவின் இத்தா முடியும் மட்டும் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டாரும் சம்மதித்தார்கள். அதனால் என்னை அவசரப்படுத்த யாரும் இல்லை. ஒரு மேசனுக்கு அது எவ்வளவு பெரிய றஹ்மத் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் துக்கத்தில் இருக்க, இந்தப் பக்கம் வேலை செய்வது லேசில்லை. டைல்ஸ் வெட்டுவதை ஒழுங்கைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி வெட்டினோம். றேடியோவை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். ராத்தா தொழப் போகும்போதோ ஓதப் போகும்போதோ சுவரில் மெல்லத் தட்டுவார். தட்டினால் நாங்கள் கையில் இருப்பதை வைத்துவிட்டு வெளியே போய் நிழலில் இருப்போம்.

"உத்தரவு வந்துட்டு, உளிய வைங்க," என்பார் யோகன்.

யோகனுக்குச் சீவுளி பிடிக்கும்போது சீட்டியடிக்கிற பழக்கம். சபையில் பாடும் பாட்டுத்தான் அடிப்பார். ஒரு நாள் என் மனைவி ராத்தாவிடமிருந்து செய்தி கொண்டுவந்தாள்.

"ஓடாவியாரச் சீட்டியடிக்க வேணாம் எண்டு சொல்லட்டாம். இல்லாட்டி ஒரே பாட்ட அடிக்காம மாத்தி அடிக்கட்டாம். அவவுக்கு அது பாடமாப் போயிட்டாம், தஸ்பீஹ் ஓதக்குள்ள நடுவுல வருதாம்."

யோகன் சிவந்துபோய்விட்டார். அன்றிலிருந்து சீட்டி இல்லை. மூச்சால் மட்டும் உம் கொட்டிக்கொண்டிருப்பார்.

மாரி அந்த முறை கடுமையாக இறங்கியது. வயல்களில் விதைத்து முடிந்த நேரம். ஹோலின் பாதிக்கு ஓடு போட்டுவிட்டோம், மிச்சத்துக்குப் படங்குதான். ஒரு நாள் சுபஹிலிருந்து விடாமல் ஊற்றியது. நாங்கள் போய்ச் சேரும்போது படங்கு தண்ணீரைத் தாங்காமல் கிழிந்து தொங்கியது.

தோண்டிய ஹோல் நிலம் தாழ்வாக இருந்தது. முன் வாசலில் புதுப் படி உயரமாக இருந்தது. அது பளபளத்த கறுப்புக் கல். தங்கையின் கலியாணத்துக்கென்று நஸீர் ஆசையோடு வாங்கிக் கொடுத்தது, நான் அதைவிட ஆசையோடு பதித்தது. தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் ஹோல் குளமாகிவிட்டது, படிதான் அதற்கு அணைக்கட்டு. தண்ணீர் களிமண் சுவரின் முதல் வரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. சீமெந்து இரண்டு வரிக்குத்தான். அதற்கு மேலே தொட்டால் களி கரையும், கரைந்தால் சுவர் ராத்தாவின் பக்கம் சாயும்.

அந்தப் பக்கத்திலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. அது தொழுகை நேரமில்லை. பிறகு ராத்தாவின் குரல் வந்தது. இத்தா தொடங்கியதிலிருந்து அவர் என்னோடு நேராகக் கதைத்தது அன்றைக்குத்தான்.

"தம்பி, சுவர் நனையுது."

"கண்டுட்டன் ராத்தா. நீங்களும் மகளும் பின் விறாந்தைக்குப் போங்க. சுவருக்குக் கிட்ட வராதீங்க."

"ஓம்."

அந்த நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது. நஸீர் தலை முதல் கால் வரை நனைந்துபோய் இறங்கினார்.

"நான் அண்டைக்கே சொன்னன் பாஸ்." அவர் சத்தம் போடவில்லை. குரல்தான் உடைந்தது. "களியில கட்டாதீங்க எண்டும் சொன்னன். வேன் கொண்டந்திரிக்கன். உம்மாவ ஏத்திட்டுப் போறன்."

நான் படியைப் பார்த்தேன். யோகன் என்னைப் பார்த்தார்.

"ஓடாவியார், அலவாங்க எடுங்க."

"என்ன செய்யப் போறீங்க?" என்றார் நஸீர்.

"படிய உடைக்கப் போறன்."

"அந்தப் படியயா?"

"தண்ணிக்கு வேற வழியில்ல மகன். அண்டைக்கு நீங்க கேட்ட சொல்லு இப்பவும் என்னட்ட இரிக்கி. இது உடைஞ்சும் தண்ணி போகாட்டி, ஊடு இருக்கத் தகுதியில்ல எண்டு நானே மௌலவிக்கிட்ட வந்து சொல்றன், உம்மாவ ஏத்திட்டுப் போங்க. ஆனா அலவாங்கு இரிக்கக்குள்ள அத வெச்சுப் பாக்காம அந்தச் சொல்லச் சொல்ல எனக்கு வாய் வராது."

நஸீர் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்குக் கடை ஏறி அவர் தேடி எடுத்த கல். பின்பக்கத்திலிருந்து மழைச் சத்தத்துக்கு மேலால் ராத்தா கூப்பிட்டார்.

"வேன் சத்தம் கேட்டுது. நஸீரா வந்திரிக்கான்?"

"ஓம் உம்மா."

"நனைஞ்சிட்டு நிக்காம பாஸுக்கு ஒரு கை குடு மனே."

யோகன் கொண்டுவந்து தந்த இரும்பு அலவாங்கை நஸீர் என் கையிலிருந்து வாங்கினார். நான் கொடுக்கவில்லை, அவர்தான் வாங்கினார். முதல் குத்துக் கல்லில் வழுக்கிக்கொண்டு போனது. "மூலையில குத்துங்க, நடுவுல வேணாம்," என்றேன். மூலையில் குத்தினார். கல் நீளத்துக்குப் பிளந்தது. யோகன் குனிந்து துண்டுகளைப் பிடுங்கி எறிந்தார். நான் அடியில் இருந்த சீமெந்தைக் கொத்தினேன், நானே போட்ட சீமெந்து, கல்லைப் போல இறுகியிருந்தது. ஒரு சாண் அளவுக்கு வழி கிடைத்ததும் தண்ணீர் பிய்த்துக்கொண்டு ஒழுங்கைக்குப் பாய்ந்தது. கூலியாட்கள் மண்வெட்டியால் தள்ளித் தள்ளி விட்டார்கள்.

நான் போய்ச் சுவரைத் தடவினேன். இரண்டாவது வரியின் பாதி நனைந்திருந்தது. களி நனையாமல் காய்ந்தே இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன், எனக்கே கேட்காத குரலில்.

நஸீர் உடைந்த படியில் குந்தி இருந்தார். கைகள் சிராய்த்திருந்தன.

"உம்மா, படி போயிட்டு," என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

"கல்லுதானே மனே," என்று பதில் வந்தது. "வாங்கலாம். நீ உள்ளுக்குப் பின்பக்கத்தால வா, ஈரத் தலயத் தோத்தணும்."

வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர் பின்பக்கத்தால் போனார். அன்று அஸர் வரைக்கும் உம்மாவோடுதான் இருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து நேராக அங்கே வருவார், என் வேலையில் பிழை பிடிக்க.

தம்பிமாரே, நாம் பதித்த கல்லை நாமே உடைக்கிற நாள் வந்தால் கை கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். இழுக்கத்தான் செய்யும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் யாருக்காக வேலை செய்கிறோம் என்பதை அந்த நேரத்தில் ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். படி மாப்பிள்ளை காலெடுத்து வைப்பதற்கு. சுவர் ராத்தா தன் வீட்டில் இருப்பதற்கு. இரண்டையும் காப்பாற்ற ஏலாத இடத்தில் எதை விடலாம் என்று வரைபடத்தில் போட்டிருக்காது. என்னைக் கேட்டால், திரும்ப வாங்கக்கூடியதை விடுங்கள்.

மழை ஓய்ந்து, கூரை முடிந்து, நிலமும் பதித்து, வேறு ஒரு படியும் வைத்தோம். இத்தா முடிந்த அன்று பெண்கள் வந்து ஓதி, ராத்தாவைக் குளிக்க வைத்தார்கள். நாங்கள் முன் ஹோலில் அலவாங்கோடு நின்றோம். அந்தச் சுவரை எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் ஒருவரும் கிட்டப் போகவில்லை. அந்தச் சுவரோடு எங்களுக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் எத்தனை ஓதல் நடந்திருக்கும். யோகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"விட்டுட்டா என்ன காக்கா? நடுவுல ஒரு கதவு போட்டுத் தாறன், நல்ல தேக்குல."

எனக்கும் அதுதான் மனதில் இருந்தது. ராத்தா பின்பக்கத்தால் சுற்றிக்கொண்டு, தலையை மூடி, மகளோடு முன் வாசலுக்கு வந்தார். சலாம் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டு மெல்ல எடுத்துவிட்டேன்.

"ராத்தா, இந்தச் சுவர இப்பிடியே விடுவமா எண்டு யோசிக்கிறம். நீங்க இருந்து ஓதின இடம். ஒரு கதவு போட்டா..."

"ஏன் தம்பி, இன்னும் நான் உள்ளுக்க இருக்கணுமா?"

ஜெசீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தச் செங்கல்லப் பாத்துப் பாத்து எனக்குக் கண் பூத்துட்டு," என்றார் ராத்தா. "எத்தினாவது வரியில எந்தக் கல்லு மூக்கு உடைஞ்சிரிக்கு எண்டும் சொல்லுவன். அவரு வெளிச்சம் வெளிச்சம் எண்டு எவ்வளவு ஆசைப்பட்டாரு. உடைங்க, அதப் பாத்துட்டுத்தான் நான் இருப்பன்."

அலவாங்கு தேவைப்படவில்லை. மேல் வரியிலிருந்து கையாலேயே ஒவ்வொரு கல்லாக எடுத்து வைத்தோம். பக்கத்துச் சுவரில் ஒரு கீறல் விழவில்லை. கடைசி இரண்டு வரியை மட்டும் உளியால் தட்டினோம். கல் குறையக் குறைய முன் யன்னல் வெளிச்சம் உள்ளே போய், அறை வாசலைத் தாண்டிப் பின் விறாந்தை வரைக்கும் விழுந்தது. பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து நிலத்தைக் கழுவினார்கள். ராத்தா ஒரு கதிரையைத் தானே இழுத்துக்கொண்டு வந்து ஹோலின் நடுவில், வாசலைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நஸீர் அப்போதுதான் வயல் பக்கத்திலிருந்து மோட்டர் சைக்கிளில் வந்தார். உம்மா ஹோலில் இருப்பதைக் கண்டுவிட்டு அப்படியே வேகமாக உள்ளே காலெடுத்து வைத்தார்.

"அவடத்தயே நில்லு," என்றார் ராத்தா. "செருப்பக் கழட்டிட்டு வா மனே. என்ட ஊடு இப்பத்தான் கழுவிரிக்கி."